கேளாப்படம் என்றே வையுங்கள்

பினாங்கில் மாதம் ஒருமுறை கூடும் நம் தமிழ் ஒளிப்படக் குழுவின் தலைவருக்கும் செயற்குழுவினருக்கும் வணக்கம்.

வாக்குச்சீட்டு கிடைத்தது. பொது இடத்தில், ஆளுக்குத் தெரியாமல் எடுத்த படங்களுக்கு இந்த ஆண்டுக் கண்காட்சியில் தனிப் பிரிவு வைக்கிறீர்கள். அதற்கு என்ன பெயர் என்று உறுப்பினர்களைக் கேட்டிருக்கிறீர்கள். தெருப்படம், இயல்புப்படம், களவுப்படம். மூன்று பெயர், எதிரே மூன்று கட்டம். போன கூட்டத்தில் இதற்காக ஒரு மணி நேரம் சண்டை நடந்தபோது கடைசி வரிசையில் தே தாரிக் டீயோடு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. சபையில் பேச எனக்கு வராது. புகைப்படமா ஒளிப்படமா என்று முன்பு இரண்டு கூட்டம் இழுத்தபோதும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. புகை என்றாலும் ஒளி என்றாலும் கடைக்கு வருகிறவர்கள் போட்டோ என்றுதான் சொல்வார்கள். இந்த முறை சொல்ல இருக்கிறது.

புதிய உறுப்பினர்களுக்கு என்னைத் தெரியாது. பெரிய படக்காரன் இல்லை நான். ஜார்ஜ்டவுனில் ஒரு படக்கடையில் 22 ஆண்டு லேப்பில் நின்றவன். பிலிமைக் கழுவி, 4ஆர் அளவில் பிரிண்ட் போட்டு, நெகட்டிவை வெட்டி உறையில் செருகித் தருகிற வேலை. பாஸ்போர்ட் படம் முதல் காதுகுத்து வரை ஊர் முகம் முழுக்க என் கை வழியாகப் போயிருக்கிறது. தொண்ணூறுகளில் சூலியா தெரு விடுதிகளில் தங்கும் வெள்ளைக்காரப் பயணிகள் கொத்துக்கொத்தாக ரோல் கொண்டுவந்து கொடுப்பார்கள். தைப்பூசம் முடிந்த மறுநாள் மெஷின் ஓய்வே எடுக்காது.

அந்த ரோல்களில் நான் பார்த்தது ஒன்று உண்டு. கண்காட்சிக்கு வருகிறவர்கள் அதைப் பார்ப்பதில்லை. அது அடுத்த பிரேம், பிலிமில் அதற்கடுத்து விழுந்த படம்.

மீன் வெட்டுகிற பெண் ஒரு பிரேமில் மீனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அருமையான படம். அடுத்ததில் தலை நிமிர்ந்திருக்கும். அதற்கடுத்ததில் கை முகத்துக்கு முன்னால் வந்திருக்கும், அல்லது சிரிப்பு வந்திருக்கும், சில சமயம் கத்தி வந்திருக்கும். டிரைஷாக்காரர் தூங்குவார், விழிப்பார், காசு கேட்டுக் கை நீட்டுவார். சுவரில் மாட்டுவது எப்போதும் முதல் பிரேமைத்தான். இரண்டாவதும் மூன்றாவதும் உறைக்குள்ளேயே கிடக்கும். எந்தப் பெயர் வைத்தாலும் அந்த இரண்டாவது பிரேமை மறைக்காத பெயராக இருக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் வழியில் பேசிக்கொண்டு போவது.

ஆளுக்குத் தெரியாமல் எடுப்பதற்கு ஆங்கிலத்தில் சொல்கிற 'கேண்டிட்' என்றே விட்டுவிடலாமே, ஏன் இந்தப் பாடு என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சொல்லைக் கல்யாணப் படக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்றைக்குக் கல்யாண பேக்கேஜில் 'டிரடிஷனல்' ஒரு விலை, 'கேண்டிட்' இன்னொரு விலை. மாப்பிள்ளையிடம், "அண்ணே, என்னைப் பார்க்காதீங்க, அண்ணியைப் பார்த்துச் சிரிங்க, நான் இங்க இல்லைன்னு நெனச்சுக்குங்க" என்று சொல்லி எடுப்பதுதான் கேண்டிட். நான்கு தடவை சிரிக்கச் சொல்லி ஐந்தாவதில் தேறும்.

சொல்லின் வேரும் வேடிக்கையானது. லத்தீனில் 'கேண்டிடஸ்' என்றால் பளிச்சென்ற வெள்ளை. பண்டைய ரோமில் பதவிக்கு நின்றவர்கள் வெளுத்த அங்கி போட்டுக்கொண்டு வாக்குக் கேட்டார்களாம், வேட்பாளருக்கு ஆங்கிலத்தில் உள்ள 'கேண்டிடேட்' அதிலிருந்து வந்தது. தேர்தல் பதாகைகளை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். உலகத்திலேயே மிகவும் போஸ் கொடுத்து எடுத்த படங்கள் அவை, பெயரோ அதே வேர். பிறகு வெள்ளை, கள்ளமில்லாதது என்றானது, ஒளிவுமறைவில்லாதது என்றானது.

கேமராவோடு அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது ஜெர்மானியர் எரிக் சாலமன் காலத்தில். 1920களின் கடைசியில் எர்மானாக்ஸ் என்ற சிறிய கேமரா அவர் கையில் இருந்தது. மங்கல் வெளிச்சத்திலும், பளிச் விளக்கு இல்லாமலே படம் விழும். அரசியல் தலைவர்கள் கூடிப் பேசிக் களைத்துக் கொட்டாவி விடுவதையெல்லாம் எடுத்தார். பெர்லினில் படம் எடுக்கத் தடையிருந்த நீதிமன்றத்துக்குள் தொப்பியில் கேமராவை ஒளித்துக்கொண்டு போனார். லண்டன் பத்திரிகைக்காரர்கள் இதற்கு 'கேண்டிட் கேமரா' என்று பெயர் வைத்தார்கள். யூதர் என்பதால் நாஜிகளிடம் சிக்கி 1944இல் ஆஷ்விட்ஸ் முகாமில் அவர் இறந்தது வேறு பெரிய கதை. பெயரை மட்டும் பாருங்கள். ஒளிவுமறைவில்லாதது என்று அர்த்தம், கேமராவோ தொப்பிக்குள். படத்தில் இருப்பவரிடம் ஒளிவுமறைவு இல்லை, சரி. எடுத்தவரிடம்? ஒரு பக்கத்தின் வெள்ளை மனதை இரண்டு பக்கத்துக்கும் பூசிவிடுகிற சொல் அது.

பிரெஞ்சுக்காரர்கள் கொஞ்சம் நாணயமானவர்கள். அவர்களுடைய படக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் 1952இல் வெளியிட்ட புத்தகத்தின் பிரெஞ்சுத் தலைப்பில் 'ஆ லா சோவெத்' என்று வரும். லைசென்ஸ் இல்லாமல் தெருவோரத்தில் கடை விரித்து, அதிகாரி தலை தெரிந்ததும் சுருட்டிக்கொண்டு ஓடும் வியாபாரிக்குச் சொல்கிற வார்த்தை அது. முனிசிபல் லாரி வந்தால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே புத்தகம் ஆங்கிலத்துக்குப் போனபோது 'தீர்மானிக்கும் கணம்' என்ற பொருளில் தலைப்பு மாறியது. சுருட்டிக்கொண்டு ஓடியவன் நீதிபதி நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டான். உலகம் முழுக்கப் பிடித்துக்கொண்டது அந்த இரண்டாவது தலைப்பைத்தான்.

நம் தமிழும் சும்மா இல்லை. படத்தை 'எடுக்கிறோம்', 'பிடிக்கிறோம்'. யாரும் படத்தைப் 'பெறுவது' இல்லை. ஆங்கிலத்தில் 'ஸ்னாப்ஷாட்' என்பதே வேட்டைக்காரர் வார்த்தை, குறி பார்க்க நேரமில்லாமல் சட்டென்று சுடுவது. தமிழில் சுடுவது என்றால் திருடுவதும்தான். படமெடுப்பது நல்ல பாம்பும் செய்கிற வேலை என்பதைச் சொல்லாமல் விடுகிறேன்.

சரி, சீட்டுக்கு வருவோம்.

களவுப்படம். இதை முன்மொழிந்த ஐயா தொல்காப்பியத்தின் களவியலைச் சொல்லி மேசையைத் தட்டியபோது எனக்கும் புல்லரித்தது. வீட்டுக்குப் போய் யோசித்தேன். களவொழுக்கத்தில் தலைவனுக்கும் தெரியும், தலைவிக்கும் தெரியும், தோழிக்கும் தெரியும். தெரியாதது ஊருக்குத்தான். நம் படத்தில் ஊருக்கெல்லாம் தெரிகிறது, சுவரில் மாட்டி விளக்குப் போட்டுக் காட்டுகிறோம். தெரியாதது படத்தில் இருப்பவருக்கு மட்டும். தலைகீழ், ஐயா. தலைவிக்கே தெரியாத களவு உண்டா? சங்க இலக்கியத்தை விட்டுவிட்டு வெறும் திருட்டு என்று எடுத்தால், அதுவும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. திருடினால் பொருள் போய்விடும். இங்கே முகம் அவரிடமேதான் இருக்கிறது.

இயல்புப்படம். அழகான பெயர், அதனாலேயே பயம். எது இயல்பு என்று தீர்ப்பு சொல்வது யார்? கேமரா இருப்பது தெரிந்ததும் ஒரு பெண் முந்தானையைச் சரிசெய்கிறாள், அது இயல்பு இல்லையா? தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் அலகு குத்தி அருள் வந்து நிற்பவரின் கண்ணை நெருங்கி எடுத்த படங்கள் நூற்றுக்கணக்கில் என் மெஷினில் ஓடியிருக்கின்றன. அவரைப் போல ஒருவருக்கு, அந்த நேரத்தில், எதிரில் யார் என்ன செய்கிறார்கள் என்பது தெரியவே வழியில்லை. அதை இயல்பு என்பதா? மறுநாள் வேலைக்குச் சட்டை மாட்டிக்கொண்டு போகும்போதல்லவா அவருடைய இயல்பு.

தெருப்படம். இதுதான் ஜெயிக்கும் என்று எனக்குத் தெரியும், இளைஞர்கள் எல்லாரும் இதற்குத்தான் கை தூக்குகிறார்கள். இந்த வகைக்குக் கொடி பிடித்தவர் என்று எல்லாரும் சொல்லும் அமெரிக்கர் கேரி வினோகிராண்டுக்கே இதன் ஆங்கிலப் பெயர் பிடிக்காது. இன்னொரு அமெரிக்கப் படக்காரர் வாக்கர் எவன்ஸ் கோட்டுக்குள் கேமராவை மறைத்து எடுத்தது நியூயார்க் சுரங்க ரயிலில், தெருவில் இல்லை. நம் ஆட்களும் சௌராஸ்டா சந்தையில் எடுக்கிறார்கள், கோயில் மண்டபத்தில் எடுக்கிறார்கள், கோலாலம்பூர் போனால் எல்ஆர்டி ரயிலில் எடுக்கிறார்கள். அப்புறம், வீட்டில் வளர்ந்த தமிழ் காதுக்குத் 'தெரு' எப்படிக் கேட்கும் என்பதையும் கொஞ்சம் நினையுங்கள். நடுத்தெருவில் நிற்கிறான் என்கிறோம், தெருவுக்கு வந்துவிட்டாள் என்கிறோம். ஒருவர் படத்தின் கீழே 'தெருப்படம்' என்று போட்டால் அந்த வாடை அவர் மேலும் ஒட்டும்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. அஞ்சடி. கடைவீட்டுக்கு முன்னால் கூரைக்குக் கீழே போகிற அந்த நடைபாதை தெருவா, வீடா? இடம் பெரும்பாலும் கடைக்காரருடையது, நடக்கிற உரிமை எல்லாருக்கும். அங்கேயே பாய் விரித்து மத்தியானம் தூங்குவார்கள், பிள்ளைக்குச் சோறு ஊட்டுவார்கள், சாமி கும்பிடுவார்கள். பொது இடம் என்று நாம் எழுதிவிடுகிறோம். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அது வாசல்.

என் சின்னம்மாவின் கதை அங்கே நடந்ததுதான். இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டேன். "எழுதுடா, ஆனா அந்தப் பையன் பேரைப் போடாதே" என்றார். பெயர் போடவில்லை.

சின்னம்மா லெபு குயின் மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் அஞ்சடியில் பூ கட்டி விற்கிறவர். என் தாத்தா காலத்து ஆட்கள் லெபு பாசாரைக் கடைத்தெரு என்றுதான் சொல்வார்கள், அந்தக் காலத்துக் குடும்பம். சில ஆண்டுகளுக்கு முன்னால் நம் கண்காட்சியில் அவர் படம் தொங்கியது. கறுப்பு வெள்ளை. (பூக்காரியைக் கறுப்பு வெள்ளையில் எடுக்க எப்படித்தான் மனம் வந்ததோ, கனகாம்பரமும் மல்லிகையும் ஒரே சாம்பல்.) மடியில் ரிங்கிட் நோட்டுகள், குனிந்து எண்ணிக்கொண்டிருக்கிறார், நெற்றியில் வியர்வை. வெளிச்சம் பக்கத்திலிருந்து விழுகிறது. குறை சொல்ல முடியாத படம். பரிசும் கிடைத்தது. கீழே தலைப்பு: 'அன்றாடங்காய்ச்சி'.

நான்தான் அவரைக் கூட்டிப்போய்க் காட்டினேன், சந்தோஷப்படுவார் என்று நினைத்து. படத்தை வெகுநேரம் பார்த்தார். தலைப்பை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"பதினோரு பேர் பணம்டா அது. கூட்டுக் காசு. என்னை நம்பிக் கொடுத்தது. அன்றாடங்காய்ச்சியை நம்பி எவளாச்சும் கூட்டுக் காசு குடுப்பாளா?"

கூட்டு என்றால் பல பேர் மாதாமாதம் பணம் போட்டு, மொத்தத்தை முறைவைத்து ஒவ்வொருவராக எடுப்பது, உங்களுக்குத் தெரியும். இந்த நாட்டில் அதைத் தொழிலாக நடத்துவது 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே 'கூட்டு' என்ற சொல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. எங்கள் சின்னம்மாமார் புழங்கிய சொல்லை நாடாளுமன்றம் மாற்றாமல் எடுத்துக்கொண்டது, தடை செய்வதற்காகத்தான் என்றாலும். (சின்னம்மா இப்போது கூட்டு நடத்துவதில்லை, பதிவு செய்துகொள்ளுங்கள்.) ஆக, பெண்கள் பதினோரு பேரின் நம்பிக்கையை மடியில் வைத்து எண்ணியவரை, ஒருவேளைச் சோற்றுக்குக் கஷ்டப்படுகிறவர் என்று எழுதி மாட்டியிருந்தோம். தலைப்பு பொய்யாக இருந்ததே ஒருவிதத்தில் நல்லதாகப் போனது. உண்மையை எழுதியிருந்தால் வம்பு.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்காமல் எடுத்தார், அதனால் அந்த முகம் கிடைத்தது. கேட்டிருந்தால் சின்னம்மா நோட்டை மறைத்துக்கொண்டு, "பூ வேணுமாப்பா?" என்றிருப்பார். படம் எடுத்ததைவிட, எடுத்த பிறகும் கேட்காமலே போய் ஒரு தலைப்பை எழுதியதுதான் வருத்தம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: பொது இடத்தில் ஒருவரைப் படம் எடுக்க அனுமதி வாங்கியே ஆக வேண்டும் என்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிமாற்றங்களுக்கானது. மானத்தை இழிவுபடுத்துகிற நோக்கம் இருந்தால் தண்டனைச் சட்டம் 509ஆம் பிரிவு இருக்கிறது, அது வேறு விவகாரம். வெளிநாட்டிலும் ஒரே குரல் இல்லை. மாண்ட்ரியாலில் ஒரு கட்டடப் படியில் உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தைக் கேட்காமல் பத்திரிகையில் போட்டதற்கு 2,000 டாலர் இழப்பீடு சரிதான் என்று கனடா உச்ச நீதிமன்றம் 1998இல் சொன்னது. டைம்ஸ் சதுக்கத்தில் போகிற வருகிறவர்களுக்குத் தெரியாமல் எடுத்த முகங்களைக் கலை என்று சொல்லி 2006இல் நியூயார்க் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. நாம் சீட்டுப் போடுவது பெயருக்கு, சட்டத்துக்கு அல்ல. விடுங்கள்.

என் பெயர் இது: கேளாப்படம்.

கேட்காமல் எடுத்த படம், அவ்வளவுதான். 'பொய்யாமொழி' போல இலக்கணம் சரியாகவே இருக்கிறது, தமிழாசிரியர்கள் யாரும் பிரம்பை எடுக்க வேண்டாம். இந்தப் பெயரில் திட்டும் இல்லை, புகழும் இல்லை. திருடன் என்று எடுத்தவரைச் சொல்லவில்லை, தெருவில் கிடப்பவர் என்று எடுக்கப்பட்டவரைச் சொல்லவில்லை. இருவருக்கும் நடுவில் நடக்காமல் போன ஒன்றை மட்டும் சொல்கிறது. கோயிலில் எடுத்தாலும் பொருந்தும், ரயிலில் எடுத்தாலும் பொருந்தும். கல்யாண 'கேண்டிட்' இதற்குள் நுழைய முடியாது, அங்கே கேட்டதோடு முன்பணமும் வாங்கியாயிற்று.

'கேளா' என்றால் காது கேளாதது என்றும் வருமே என்று செயலாளர் சொல்லக்கூடும். வரட்டும். அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதை நாம் கேட்கவில்லை என்பதும் உண்மைதானே. பழந்தமிழில் 'கேளார்' என்றால் பகைவர், ஆகாது என்று நம் களவியல் ஐயா எழுந்தால் மட்டும் என்னிடம் பதில் இல்லை. தே தாரிக் வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கிறேன்.

நானும் கேளாப்படம் எடுத்தவன்தான். 2020 முடிவில் பயணிகள் சேவையிலிருந்து நின்றுபோனதே அந்தப் பழைய ஃபெரி, அதன் மேல்தட்டில் ஒருநாள் காலை வேலைக்குப் போகும் ஒருவர் ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தார். பின்னால் கடல். இண்டர்வியூவுக்குப் போகிறவர் போல அப்படி ஒரு கவனம். எடுத்துவிட்டேன். பட்டர்வொர்த்தில் இறங்கியதும் கூட்டத்தில் போய்விட்டார், காட்ட முடியவில்லை. அந்தப் படம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நான் எடுத்ததில் நல்ல படம் அதுதான். 'நம்பிக்கை', 'விடியல்' என்றெல்லாம் தலைப்பு வைக்கக் கை துறுதுறுக்கும். வைக்கவில்லை. அவர் எங்கே போனார் என்று எனக்குத் தெரியாதே.

பெயர் மாறினால் விண்ணப்பத்தாளில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: 'எடுத்த பின் அவரிடம் காட்டினீர்களா?' ஆம், இல்லை. இல்லை என்றால் படத்தைத் தள்ள வேண்டாம். என்னுடையதும் இல்லைதான். ஆனால் இல்லை என்று டிக் போட்டவர் தலைப்பு வைக்கக் கூடாது, இடமும் தேதியும் மட்டும் போடட்டும்.

என் வாக்குச்சீட்டில் மூன்று கட்டத்தையும் விட்டுவிட்டு, கீழே நான்காவதாக ஒன்றைப் பேனாவால் வரைந்து டிக் போட்டிருக்கிறேன். செல்லாத ஓட்டு என்று தள்ளினாலும் பரவாயில்லை, எண்ணும்போது வாய்விட்டு ஒருதரம் படியுங்கள்.

கடைசியாக, சின்னம்மாவை எடுத்த தம்பிக்கு. போன மாதம் அவரிடம் இந்தச் சண்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "அதுக்கப்புறம் நான் நிமிர்ந்து பார்த்தேனே, அவனைப் பார்த்துச் சிரிச்சேனே, அதையும் க்ளிக் பண்ணானே, அது எங்க?" என்று கேட்டார். டிஜிட்டல்தானே, அழிக்காமல் எங்காவது ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும். அந்த அடுத்த படத்தைத் தேடி அனுப்புங்கள். 4ஆர் போதும், கலரில். பிரிண்ட் செலவு என்னுடையது.

அன்புடன்,
கடைசி வரிசையில் உட்காரும் லேப்காரன்